முந்திப் போன கை

யாராவது பாடி முடித்தால் எர்மேத்தே மாமா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். முதல் நற்கருணை விருந்தில் ஒரு சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறிப் பாடினாலும் சரி, வானொலியில் பெரிய பாடகி பாடினாலும் சரி, அப்படித்தான். நின்றுகொண்டிருந்தால் கைகள் கோட்டுப் பைக்குள் போய்விடும். சுற்றியிருப்பவர்கள் தட்டி ஓய்ந்த பிறகுதான் வெளியே வரும். சிறு வயதில் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, அவர் பக்கத்தில் நானும் என் கைகள் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சிரித்ததில்லை.

அவர் அசையாமல் இருந்த நேரம் அது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் மாமா எங்களை விட ஓரடி முன்னால் இருந்தார். காப்பிக் கடையில் கோப்பை வருவதற்கு முன்பே அவர் கரண்டி காற்றில் சுற்றத் தொடங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் நாம் வாயைத் திறந்தால் போதும், சீஸ் கிண்ணம் மூக்கடியில் இருக்கும். நாம் கேட்க வந்தது தண்ணீராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிரியார் இழுத்து இழுத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய "ஆமென்" தனியாகக் கேட்கும்.

"அண்ணா, கடவுள் இன்னும் பேசி முடிக்கல" என்பாள் அம்மா.

"அவர் என்ன சொல்லப் போறார்னு தெரியும் ஆர்ஜியா."

மோதெனாவில் ஒரு பள்ளி ஆசிரியையோடு அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முறிந்தது. ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண் என் அம்மாவிடம் சொன்னாளாம்: "நான் கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்றாரு. நான் கேக்க நினைச்சது இதுவரைக்கும் கேக்கவே முடியல."

இது குணம் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். தொழில் கொடுத்த பழக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டும் வேறு வேறா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

எங்கள் ஊர் போர்கொலேத்தோ. போ ஆற்றின் தென்கரை. நவம்பரில் இறங்கும் மூடுபனி மார்ச்சில்தான் விடைபெறும். தாத்தா சீஸ் பட்டறையில் கொப்பரை கிளறியவர். இன்று செய்ததை இரண்டு வருஷம் கழித்துத்தான் விற்க முடியும் என்று தெரிந்தே தினமும் வேலைக்குப் போன மனிதர். அவர் பிள்ளைக்குப் பால் பொங்கும் வரை நிற்கப் பொறுமை கிடையாது. ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதிய பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, நகராட்சி உதவித்தொகை கொடுத்துப் பார்மா இசைக் கல்லூரிக்கு அனுப்பியது. போர் முடிந்ததும் படிப்பை முடித்துக்கொண்டு, கையில் இசைக்குழு நடத்தும் கோலோடு எங்கள் ஊர் ஓபரா அரங்கத்துக்கே வந்து சேர்ந்தார்.

சேர்ந்தது உதவி நடத்துநராக. அதாவது, மேடைக்குப் பின்னால்.

மேடைக்கு முன்னால் இருக்கும் குழியில் நின்று இசைக்குழுவை நடத்தியவர் மேஸ்த்ரோ ஓலிந்தோ ஸ்கார்சி. வயிறும் மீசையும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் ஆள். ஆனால் ஓபராவில் எல்லா இசையும் குழியிலிருந்து வருவதில்லை. கதையில் தூரத்தில் ஒரு ஊர்வலம் போகும், கோவிலுக்குள் கூட்டம் பாடும், வேட்டைக்காரன் கொம்பு ஊதுவான். அந்த இசையைத் திரைக்குப் பின்னால் இன்னொரு சின்னக் குழு வாசிக்கும். அந்தக் குழுவுக்குக் கை காட்டுவதுதான் மாமாவின் வேலை. வண்ணம் பூசிய திரைச்சீலையில் ஒரு ஓட்டை. ஏணியில் நின்று அந்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, தூரத்தில் ஸ்கார்சியின் கையைப் பார்க்க வேண்டும். அவர் கை விழும்போது தன் கையையும் போட்டால் கதை கெட்டது. பின்னாலிருந்து வரும் சத்தம் திரையைத் தாண்டி, மேடையைத் தாண்டி, அரங்கத்துக்குப் போய்ச் சேரும்போது காலம் தப்பியிருக்கும். அதனால் ஸ்கார்சியின் கை விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே மாமாவின் கை விழ வேண்டும். விழப் போவதை ஊகித்து விழ வேண்டும். பன்னிரண்டு பருவம் அவர் செய்தது இதைத்தான்.

"தம்பி, நீ இல்லாம என்னால முடியாது. ஆனா உன் மூஞ்சி யாருக்கும் தெரியக் கூடாது, அதான் அழகு" என்பாராம் ஸ்கார்சி.

மாமாவுக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. பொலோனியாவுக்கும் தூரினுக்கும் ஊர் ஊராக விண்ணப்பம் போட்டார். பதில் வருவதற்கு முன்பே பெட்டியைக் கட்டினார். பெட்டி அவிழாமல் படுக்கைக்கு அடியிலேயே கிடந்தது. குழியில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது முழு ஓபராவையும் தன் கையில் எடுக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, புனித ஸ்தேவான் திருநாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. அன்றுதான் எங்கள் அரங்கத்தில் பருவத்தின் முதல் ஓபரா. ஸ்கார்சி கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் விலாங்கு மீனைத் தனக்கும், வராதவர்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தார். மத்தியானம் அவர் மனைவி ஆள் அனுப்பினாள்: படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சாயங்காலம் இன்னொரு செய்தி. மிலானிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த கதாநாயகி பியாசென்சாவுக்கு அருகில் மூடுபனியில் மாட்டிக்கொண்டாள். சாலையே தெரியவில்லை, வர முடியாது.

கம்பெனி முதலாளி பெர்தாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கோரஸ் பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் போய், நீவெஸ் கொபெல்லியைக் கூப்பிட்டார்.

நீவெஸுக்கு அப்போது இருபத்தாறு வயது. கோடையில் தக்காளி ஆலை, மற்ற மாதங்களில் தையல், பருவத்தில் கோரஸ். எங்கள் புகையிலைக் கடைக்கு எதிர்ச் சந்தில் வீடு. கதாநாயகியின் பாட்டு முழுவதும் அவளுக்குத் தெரியும். மாமாதான் எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த பழைய பியானோவில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். என்றாவது தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றுவதற்கு முன்பே அவருக்குத் தோன்றியிருந்தது.

பெர்தாச்சி ஒளிக்காமல் சொன்னார்: "இங்க பாரும்மா. மேல்மாடம் உன்னை ஏத்துக்கிட்டா, மிச்ச ராத்திரி எல்லாம் நீதான். வசந்தத்துல டூர்லயும் நீதான். விசில் அடிச்சாங்கன்னா, நாளைக்குத் திரும்பக் கோரஸ். எனக்கு உன்மேல கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. மேல கேட்டுத்தான் நான் ஒப்பந்தம் எழுதுவேன்."

மேல்மாடம் என்பது எங்கள் அரங்கத்தின் உச்சியில், கூரைக்குக் கீழே இருக்கும் மரப் பெஞ்சுகள். அங்கே உட்காருபவர்கள் பன்றி இறைச்சிக் கடைக்காரர், முடிதிருத்துபவர், ஆலைத் தொழிலாளி. கீழே வெல்வெட் நாற்காலியில் இருக்கும் வக்கீலும் டாக்டரும் தட்டுவது மரியாதைக்கு. தீர்ப்பு மேலேயிருந்துதான். எங்கள் ஊரில் விசில் என்றால் முகத்தில் துப்பியதற்குச் சமம். மேல்மாடத்துக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. தெரிந்த குரலுக்கு அவர்கள் உடனே தட்டிவிடுவார்கள். புதுக் குரலுக்குத் தட்ட மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த மௌனத்தில் அவர்கள் யோசிப்பார்கள். இறைச்சிக் கடை ப்ரீமோ நாக்கால் உதட்டைத் துடைப்பார், பக்கத்தில் இருப்பவர் தலையைச் சாய்ப்பார். பிறகுதான் வரும், கைதட்டலோ விசிலோ. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் பன்னிரண்டு வருஷமாக அதைத் திரைக்குப் பின்னாலிருந்துதான் கேட்டிருந்தார்.

ஸ்கார்சியின் இடத்தில், குழியில் மாமா நிற்க, ஓபரா தொடங்கியது. முதல் அங்கம் தடங்கலில்லாமல் போனது. மாமாவின் பின்கழுத்து சிவந்திருந்ததைத் தவிர வேறு எதையும் குறை சொல்ல முடியாது என்றார்கள் பார்த்தவர்கள். இரண்டாம் அங்கத்தில் நாயகியின் தனிப்பாட்டு. கோவில் வாசலில் தனியாக நின்று பாடுகிறாள். அது முடிந்து, கைதட்டலும் அடங்கியதும், திரைக்குப் பின்னாலிருந்து ஊர்வலத்தின் பாண்டு இசை எழும்பும். கோரஸ் மேடைக்குள் வரும்.

நீவெஸ் பாடினாள். எப்படிப் பாடினாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் பிறக்கவில்லை. கடைசி சுரத்தை நீட்டி, மெலிய விட்டு, நிறுத்தினாள்.

மௌனம்.

அந்த இடத்தில், அந்தப் பாட்டின் முடிவில், மாமாவின் கை பன்னிரண்டு வருஷமாக மேலே தூக்கியபடி இருந்து பழகியிருந்தது. பின்னால் இருக்கும் குழுவை முன்கூட்டியே தயார்ப்படுத்த. இப்போதும் தூக்கியிருந்தது. அது விழுந்தது. குழியில் இருந்தவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். திரைக்குப் பின்னால் அன்று மாமாவின் ஏணியில் நின்றவர், ஓட்டையில் கண்ணை வைத்திருந்தவர், கையைப் பார்த்ததும் பாண்டைத் தொடங்கிவிட்டார். ஊர்வலம் மெழுகுவர்த்தியும் கொடியுமாக மேடைக்குள் வந்துவிட்டது. நடுவில் நீவெஸ் வாயைப் பாதி திறந்தபடி நின்றாள்.

மேலே ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வெடித்தது.

"ஏய் எர்மேத்தே! எந்த ரயிலைப் பிடிக்கப் போற?"

"நாங்க இன்னும் யோசிச்சிட்டு இருக்கோம்டா!"

"அந்தப் பொண்ணை விடுடா, மூச்சு வாங்கட்டும்!"

யாரோ ரெண்டு பேர் தட்டினார்கள். மற்றவர்கள் "ஸ்ஸ்" என்று அடக்கினார்கள். விசிலும் கேட்டது, ஆனால் அது மாமாவுக்கு. எது யாருக்கானது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஊர்வல இசையோடு கலந்து போனது. அதற்குப் பிறகு மாமா ஓபராவை ஓட்டமும் நடையுமாக முடித்தார். பாட்டுக்காரர்கள் மூச்சிரைக்க அவரைத் துரத்தினார்கள். நீவெஸ் தவறில்லாமல் பாடி முடித்தாள்.

மறுநாள் மூடுபனி விலகி, மிலான் நாயகி வந்து சேர்ந்தாள். நீவெஸ் பெர்தாச்சியிடம் போய் நின்றாள்.

"மேல்மாடம் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே தவித்தார். "வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. சொல்லாததை வெச்சு நான் எப்படி எழுதுவேன்?"

அவள் கோரஸுக்குத் திரும்பினாள். இரண்டு பருவம் கழித்து அதையும் விட்டாள்.

மாமாவுக்கு நடந்தது நேர்மாறு. மிலான் நாயகிக்காக முந்தின நாளே ரயிலில் வந்திருந்த ஒரு பத்திரிகை விமர்சகர், அவளைக் கேட்க முடியாத எரிச்சலை மறந்து, நடத்துநரைப் புகழ்ந்து எழுதிவிட்டார். கைதட்டலுக்காகக் கையேந்தி நிற்காத புதிய தலைமுறை நடத்துநர், நாடகத்தை ஓடவிடுபவர், சதைப்பிடிப்பில்லாத வேகம். அந்தத் துண்டுச் செய்தியை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். ஃபெர்ராராவிலிருந்து அழைப்பு வந்தது. பிறகு அன்கோனா, பாரி, மால்டா. ஒரு வானொலி இசைக்குழுவில் மூன்று வருஷம். படுக்கைக்கு அடியில் கிடந்த பெட்டி அதற்குப் பிறகு வீட்டிலேயே தங்கவில்லை. இசைக்காரர்கள் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய பெயர் இல்லை, ஆனால் பெயர். எந்த ஊரிலும் இரண்டு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அடுத்த ஊருக்கு எழுதிவிடுவார். இன்னொரு விஷயமும் இருந்தது. நாயகியின் தனிப்பாட்டு முடிந்ததும் எக்ஸ்பிரஸ் நின்றுவிடும். கைதட்டல் ஓய்ந்து, மக்கள் இருமி, செருமி, நாற்காலியில் நெளியத் தொடங்கிய பிறகும் அவர் கை எழாது. அன்கோனாவில் ஒரு பாடகி மேடையிலிருந்தே குனிந்து, "மேஸ்த்ரோ, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

நல்ல பெயரை வாங்கித் தந்தது எந்தத் தப்போ, அதே தப்பைத்தான் அவர் ஒவ்வொரு இரவும் திருத்திக்கொண்டிருந்தார். யாருக்காக? அந்த ஊர்களில் நீவெஸ் இல்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் கடையில் அவளைப் பார்ப்பார். உப்பும் தபால்தலையும் சிகரெட்டும் எங்கள் கடையில்தான். அவள் கணவன் லாரி ஓட்டினான், இரண்டு பையன்கள். மாமாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகமில்லை அவள்.

"வந்துட்டியா எர்மேத்தே? எப்ப கிளம்பற?"

"இப்பதானே வந்தேன்."

"அதான் கேக்கறேன். வந்தவுடனே கிளம்பறவன்தானே நீ."

மாமா அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அம்மா முன்னாலேயே. நீவெஸ் தபால்தலைக்குப் பின்னால் எச்சில் தடவியபடி சொன்னாளாம்: "மன்னிப்பு எதுக்கு? அவங்க விசில் அடிச்சிருந்தா நீ என்னைக் காப்பாத்தினவன். தட்டியிருந்தா நீ திருடன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சா நானே சொல்றேன், நீ அழலாமா சிரிக்கலாமான்னு."

பொலோனியாவில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த வருஷம், நான் இதைத் துப்புத் துலக்கக் கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கேட்டால் எதற்கும் பதில் கிடைக்கும் என்று அங்கே யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேல்மாடத்தில் அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். முடிதிருத்துபவர் விசில் என்றார். அந்தப் பெண்ணின் கீழ்க் குரல் மெலிசு, அவருக்குப் பிடிக்கவில்லை. ஆலையில் நீவெஸோடு வேலை செய்தவர் கைதட்டல் என்று சத்தியம் செய்தார். கடைசியாக ப்ரீமோவின் இறைச்சிக் கடை. அவர் பதப்படுத்திய பன்றித் தொடையை, கூலத்தெல்லோவை, மெல்லிசாகச் சீவி ஒரு துண்டை எனக்கு நீட்டினார்.

"தட்டியிருப்போம் கண்ணு."

"நிச்சயமாவா?"

"நிச்சயம். ஆனா உன் மாமா வந்து கேட்டப்போ விசில்னு சொன்னேன்."

"ஏன்?"

"அவன் மூஞ்சியைப் பார்த்தேன், அப்படிச் சொன்னா நல்லதுன்னு தோணிச்சு. இப்ப உன் மூஞ்சியைப் பாக்கறேன்." கத்தியைத் துடைத்தார். "யோசிச்சிட்டு இருந்தோம்மா. யோசிச்சு முடிக்க விட்டானா?"

அப்போதுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் மாமா இதே வீடுகளுக்கெல்லாம் பல வருஷமாகப் போயிருக்கிறார் என்று. இல்லாத ஒன்றை நாங்கள் இருவரும் தேடியிருக்கிறோம். அது நடக்கவே இல்லை. நடக்காததற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? இது புரிந்த பிறகும் நான் ஏன் இன்னும் இரண்டு பேரைப் போய்க் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மாமா கேட்பதோடு நிறுத்தியவர் இல்லை. அது இதற்கெல்லாம் முன்னால், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. தீ பாதுகாப்பு சரியில்லை என்று பல வருஷம் மூடிக்கிடந்த எங்கள் அரங்கத்தைப் பழுது பார்த்துத் திறந்தார்கள். திறப்பு விழா நிகழ்ச்சியை நடத்த ஊர்ப்பிள்ளை எர்மேத்தே போல்த்ரீனியைக் கூப்பிட்டார்கள். மாமா அன்கோனாவிலிருந்தோ எங்கிருந்தோ வந்து இறங்கியவர், கோட்டைக் கழற்றாமல் நேராக நீவெஸ் வீட்டுக்குப் போனார்.

"அந்தப் பாட்டு. அதே மேடை. அதே மேல்மாடம். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

"எனக்கு நாப்பத்தேழு வயசு. முட்டி வலிக்குது."

"முட்டியாலயா பாடப் போற?"

அவள் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் மாமா கடைக்கும் சதுக்கத்துக்கும் நடந்து நடந்து எங்கள் தரையைத் தேய்த்தார். பிறகு நீவெஸ் வந்தாள். ஒரு நிபந்தனையோடு.

"யாருக்கும் சொல்லக் கூடாது. என் பேரு சுவரொட்டில வரக் கூடாது. திரை தூக்கும்போது நான் நிக்கணும், அவ்வளவுதான். பழைய நீவெஸ்னு யாரும் யோசிக்கறதுக்கு முன்னாடி பாடிடணும். நல்லா இல்லன்னா விசில் அடிக்கட்டும். ஆனா அவங்களா சொல்லணும்."

"சத்தியமா."

ஒத்திகை எங்கள் கடைக்குப் பின்னால் நடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் உப்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு கேட்டேன். கீழ்க் குரல் மெலிசாக இருந்ததா? எனக்குத் தெரியவில்லை.

விழா இரவு. அரங்கம் நிரம்பி, மேல்மாடத்தில் சலாமி மணம். திரை எழுந்தது, நீவெஸ் நின்றாள். ஒரு சலசலப்புக்கூட இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பாடினாள். இந்த முறை எனக்கே கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் குரல் கொஞ்சம் உரசியது, பிறகு தன் வழிக்கு வந்தது. மாமாவின் கை கடைசி சுரத்தின் மேல் காற்றில் நின்றது. அவள் அந்தச் சுரத்தை மெலிய விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் விட்டு முடிக்கவில்லை.

மேல்மாடம் எழுந்து நின்று தட்டியது. கூரை இடிந்து விழுவது போல. "ப்ராவா நீவெஸ்! ப்ராவா!" கீழே இருந்தவர்களும் எழுந்தார்கள். பூங்கொத்து வேறு வந்தது. மாமா கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். நீவெஸ் மட்டும் அழவில்லை. கைதட்டலுக்குள் அவளுடைய கடைசி சுரம் எங்கே போனது என்று தேடுவது போல நின்றாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வந்தாள். மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் கோட்டோடு நின்றிருந்தார்.

"ப்ரீமோ கடைக்கு எப்ப போன?"

"எந்த..."

"பொய் சொல்லாத. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் உன் மூஞ்சில வந்திருச்சு."

மாமா தலை குனிந்தார். "மூணு நாளைக்கு முன்னாடி. கெட்ட எண்ணம் இல்ல நீவெஸ். நேர்மையா இருங்கடான்னு சொல்லத்தான் போனேன். பாட்டு முடிஞ்சதும் அவசரப்படாதீங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு... அவ்வளவுதான் சொன்னேன்."

"அவ்வளவுதான் சொன்ன."

"அறுநூறு பேர் தட்டினாங்க."

"பாட்டு முடியறதுக்கு முன்னாடி தட்டினாங்க! சுரம் இன்னும் என் வாயில இருந்துச்சு. பாவம்னு நினைக்கறவன்தான் முடியறதுக்கு முன்னாடி தட்டுவான்." அவள் குரல் உயரவில்லை. "நான் கேட்டது தட்டலா எர்மேத்தே? அவங்க ஒரு நிமிஷம் சும்மா இருந்து யோசிக்கறதைத்தான் கேட்டேன். அதை நீ ரெண்டு தடவை எடுத்துக்கிட்ட. மொதல்ல கையால, இப்ப வாயால."

உப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மாமா அன்றே கிளம்பினார்.

அதற்குப் பிறகும் அவர் நடத்தினார். சிறிய ஊர்கள், கோடைக்கால மேடைகள், ஒரு முறை கப்பலில்கூட. வருஷத்துக்கு ஒரு முறை நீவெஸுக்கு ஏதாவது ஒரு ஊரிலிருந்து செய்தி வரும்: இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது, ஒரு பாட்டு மட்டும், ரயில் ஏற்பாடு செய்கிறேன். அவள் பதில் போட்டதில்லை. "அந்த ஊர் மேல்மாடம் என்ன சொன்னா எனக்கென்ன?" என்பாள் அம்மாவிடம். கடைசியில் மாமா ஊரோடு வந்து சேர்ந்தபோது இதயம் பழுதாகியிருந்தது. நடக்கக் கூடாது என்றார் டாக்டர். கோட்டைப் போட்டுக்கொண்டு சன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். என்னைப் பார்த்தால், "நீ என்ன கேக்கப் போறன்னு தெரியும்" என்பார். நான் கேட்க வந்தது அதுதானா என்று எனக்கே தெரிவதற்கு முன் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில், கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தார்.

எங்கள் பக்கம், மேடையில் வாழ்ந்த ஒருவரின் சவப்பெட்டி கோவிலை விட்டு வெளியே வரும்போது வாசலில் கூடியிருப்பவர்கள் கைதட்டி அனுப்புவார்கள். பனி மூடிய சதுக்கத்தில் ஊரே நின்றது. பாண்டு வாத்தியக் குழு தொப்பியைக் கழற்றியிருந்தது. ப்ரீமோ கடையைப் பூட்டிவிட்டு மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டி படியில் தெரிந்தது. யாரும் தட்டவில்லை.

எல்லோரும் நீவெஸைப் பார்த்தார்கள். வெளிப்படையாக இல்லை, ஓரக்கண்ணால். அவள் முன் வரிசையில் நின்றாள். பெட்டியைத் தூக்கியவர்கள் முதல் படியில் கால் வைக்கத் தயங்கினார்கள். அந்த மௌனம் நீண்டது. மாமா அதற்குள் இருந்தார், கையை அசைக்க முடியாமல். அவருக்காக யாராவது தொடங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. தொடங்கக் கூடாது என்றும் இருந்தது.

ப்ரீமோதான் தட்டினார். பிறகு எல்லோரும். சதுக்கம் முழுக்கச் சத்தம் எழும்பி, பனிக்குள் போய்ப் புதைந்தது. பெட்டி இறங்கி வண்டிக்குள் போனது. நீவெஸின் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன, முஷ்டியாக, மாமா வைத்துக்கொள்வது போலவே.

வண்டி திரும்பிய பிறகு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க தட்டலையே அத்தை."

"இல்ல."

"அவர் மேல இன்னும் கோபமா?"

"கோபமா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். "கோபம் எப்பவோ போச்சு. அவன் எனக்குத் தர வேண்டிய அந்த ஒரு நிமிஷம் இன்னும் பாக்கி இருக்கு ஓரியெல்லா. அது வர்றதுக்கு முன்னாடியே நான் தட்டிட்டா, அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

வண்டி கல்லறைச் சாலையில் வளைந்து மறையும் வரை அவள் கைகளை வெளியே எடுக்கவில்லை.